காட்டுக் காளானை அடியோடு எடுங்கள்

நண்பர்களுடன் காட்டுக் காளான் தேடிச் செல்பவர்கள், தண்டைப் பாதியில் ஒடிக்காமல், சிறு கத்தியால் மண்ணை நெம்பி அடிப்பாகத்தோடு முழுமையாக எடுக்க வேண்டும். உயிரைப் பறிக்கக்கூடிய அமனிட்டா ஃபல்லாய்டிஸ் காளானின் தண்டடியில் கிழிந்த பை போன்ற வெண்ணிற உறை ஒன்று இருக்கும். அது பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருப்பதால், தண்டை ஒடித்தால் முக்கியமான அடையாளமே நிலத்தில் தங்கிவிடும்.

கூட்டமாகச் செல்லும்போது, ஒருவர் "இதைச் சாப்பிடலாம்" என்றதும் மற்றவர்களும் தலையாட்டிவிடுவதுதான், என் கணிப்பில், பெரிய ஆபத்து. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒருவருக்குச் சந்தேகம் இருந்தாலும், மற்றவர்கள் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும், அந்தக் காளானைச் சமைக்கக் கூடாது. மேற்சொன்ன காளானின் நஞ்சு வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொதுவாக 6 மணி நேரத்துக்குப் பிறகே தொடங்குவதாலும், இடையில் உடல் தேறிவிட்டதுபோல் தோன்றுவதாலும், சிகிச்சை தாமதமாகிவிடுகிறது. அதற்குள் கல்லீரல் பழுதடையத் தொடங்கியிருக்கும்.

நன்கு உறுதிசெய்த காளானாக இருந்தாலும், ஒவ்வொரு வகையிலும் ஒன்றைச் சமைக்காமல் காகிதப் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், யாருக்காவது உடல்நலம் கெடும்போது மருத்துவரிடம் அதையே காட்டலாம்.