அப்பாவோ அம்மாவோ ஜெயிலில் இருக்கும்போது: பிள்ளையை வைத்துப் பார்ப்பவர்களுக்கு

போதைப் பழக்கத்தில் விழுந்த பெற்றோர் சிறைக்கும் போய்விட்டால், பிள்ளை பெரும்பாலும் பாட்டியிடமோ சித்தியிடமோ வந்து சேர்கிறது. சோறும் படுக்கையும் கொடுத்துவிடலாம். "அப்பா எங்கே?" என்ற கேள்விக்குத்தான் எல்லோரும் திணறுகிறார்கள்.

"வெளியூரில் வேலை" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பொய் சில வாரம்கூடத் தாங்காது. பள்ளியில் யாராவது போட்டு உடைப்பார்கள், இல்லையென்றால் நீங்கள் போனில் பேசுவது அடுத்த அறையில் கேட்டுவிடும். அப்பா போன கையோடு உங்கள் மேல் வைத்த நம்பிக்கையும் போய்விடும். காரணம் தெரியாத பிள்ளை காரணத்தைத் தன்னிடமே தேடும் என்பது இன்னும் மோசம்: "நான் அடம்பிடித்ததால்தான் போய்விட்டாரா?"

ஐந்து வயதுக்கு மூன்று வாக்கியம் போதும். "அப்பா சட்டத்தை மீறிவிட்டார். அதனால் ஜெயில் என்ற இடத்தில் இருக்கிறார். நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை." கடைசி வாக்கியத்தைப் பல நாள், பல முறை சொல்ல வேண்டியிருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்ன குற்றம் என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், விவரம் வேண்டாம். எப்போது வருவார் என்று கேட்டால், "நீதிபதி இன்னும் சொல்லவில்லை, தெரிந்த அன்றே உன்னிடம் சொல்கிறேன்" என்பதுதான் நேர்மையான பதில். "உன் பிறந்தநாளுக்குள் வந்துவிடுவார்" என்று ஆறுதலுக்காகச் சொன்னால், அந்த நாள் வரும்போது பிள்ளை இன்னொரு முறை அவரை இழக்கும்.

போதையைப் பற்றியும் இதே போலத்தான். குடிப்பவர்களின் குடும்பங்களுக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் மூன்று விஷயம் சொல்வார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. பாட்டிலை ஒளித்துவைக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய விடுதலை இல்லை. பதின்வயதினருக்கு அலட்டீன் என்ற தனிக் குழுக்கள் உண்டு.

முதல் வாரத்திலேயே காகிதங்களைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி ஆவணங்கள். கூடவே, சிகிச்சைக்கும் பள்ளிக்கும் நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுக்கும் ஒப்புதல் கடிதம். சிறையிலிருந்து கையெழுத்து வாங்க நாளாகும், அதனால் இதை முதலில் தொடங்குங்கள். கடிதம் எந்தப் படிவத்தில், எந்தச் சாட்சியோடு வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது. சாட்சி இல்லாததால் திரும்பி வரும் கடிதங்கள் ஏராளம்.

சிறையில் இருப்பவர் பிள்ளைக்குத் தீங்கு செய்தவராக இல்லாதவரை, தொடர்பை அறுக்காதீர்கள். பெற்றோரோடு தொடர்பு வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை என்கிறது 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு. கைதிகளை நடத்தும் முறைக்கு ஐ.நா. வகுத்த 2015-இன் நெல்சன் மண்டேலா விதிகளின்படி, குடும்பத் தொடர்பை அடியோடு தடுப்பதைச் சிறையில் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது. சந்திப்பு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் எளிய வழி. மாதம் ஒரு நீளக் கடிதத்தைவிட வாரம் அரைப் பக்கம் மேல். அப்பா எழுதும் ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். 6-க்குப் பின் 8 வந்தால், அப்பா மறக்கவில்லை, 7 வழியில் நிற்கிறது என்று பிள்ளைக்கே புரியும். ஸ்டிக்கர், ஜிகினா, பசை ஒட்டிய படங்களைப் பல சிறைகள் உள்ளே விடுவதில்லை. சில இடங்களில் நகல் மட்டுமே கைதிக்குப் போகும். அனுப்புமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போவதற்கு முன், பிள்ளையின் பெயர் பார்வையாளர் பட்டியலில் இருக்கிறதா, என்ன சான்று, என்ன உடை, நடுவில் கண்ணாடி உண்டா என்று கேட்டு வையுங்கள். கிளம்பும் அன்று காலையிலும் ஒரு முறை கேளுங்கள். வாசலில் சோதிப்பார்கள், அப்பாவைத் தொட முடியாமல் போகலாம் என்பதைப் பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பிறகு ஓரிரு நாள் படுக்கையை நனைக்கும், கத்தும், வயிறு வலிக்கிறது என்னும். இதைப் பார்த்துப் பயந்து பலர் சந்திப்பையே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பிரிவின் வலிதான். மூன்று நான்கு முறை போய்வந்த பிறகும் குறையாவிட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் காட்டுங்கள்.

எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் விடுதலை நாள்தான் உண்மையில் மிக ஆபத்தான நாள். உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும்; பழைய அளவே இப்போது உயிரைக் குடிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் போதை அளவு மீறிச் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு இருந்தது. ஹெராயின் போன்ற ஓபியாய்டு பழக்கம் என்றால் விடுதலைக்கு முன்பே, அதன் மயக்கத்தை முறிக்கும் நாலோக்சோன் மூக்கு ஸ்பிரே கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உலுக்கியும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைத்து ஒரு மூக்குத் துளையில் ஒரு ஸ்பிரே அடியுங்கள். மூச்சு நின்றிருந்தால் செயற்கை மூச்சு கொடுங்கள். 2 முதல் 3 நிமிடத்தில் அசைவில்லையென்றால் இன்னொன்று. மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்து மறுபடி மயங்கலாம், அதனால் தனியே விடாதீர்கள். ஓபியாய்டு பழக்கத்தின் சிகிச்சைக்கு மெத்தடோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அது பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். ஒரு வாய் பிள்ளையைக் கொன்றுவிடும்.

குடி வேறு மாதிரி. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் வைத்துச் சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறும் நிலையும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்க அவசரம் வேண்டாம். முதலில் ஒரு வேளைச் சாப்பாடு, பிறகு ஒரு மாலை, சில வாரம் கழித்து ஓர் இரவு. அந்த முதல் இரவுக்கு முன் பிள்ளைக்கு ஒரு போன் நம்பரை மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். அப்பாவிடம் குடி வாடை அடித்தால் வண்டியில் ஏறாதே, சண்டை போடாதே, இந்த நம்பருக்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் நான் வருவேன் என்று சொல்லுங்கள். பிள்ளை முழுதாகத் திரும்பிப் போகும்வரை அதன் படுக்கையும் புத்தகப் பையும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.