பேச்சு வராத குழந்தையைப் பட அட்டை கொடுத்துக் கேட்கப் பழக்குவது எப்படி?

மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து சமையலறை வரை இழுத்துப் போகும். நமக்குப் புரியத் தாமதமானால் கத்தும், சில குழந்தைகள் தலையைச் சுவரில் மோதும். வீட்டிலுள்ளவர்கள் பதறிப்போய் பிஸ்கட், பால், பந்து என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். ஏதாவது ஒன்று பொருந்தி அழுகை நின்றுவிடும். இதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கத்தினால் கிடைக்கும். கத்துவதற்குப் பதிலாகச் செய்ய இன்னொரு வழியைக் கையில் கொடுக்காமல் ‘கத்தாதே’ என்று மட்டும் சொல்வதால் எதுவும் மாறாது.

அந்த வழிதான் பட அட்டை. வேண்டிய பொருளின் படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தால் பொருள் கிடைக்கும். 1985இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்காக இதை உருவாக்கினார்கள். தெரபி மையங்களில் ‘பெக்ஸ்’ என்பார்கள். மொத்தம் ஆறு கட்டங்கள். கீழே படி 1, 2 தயாரிப்பு வேலை, படி 3 முதல் 6 வரை முதல் நான்கு கட்டங்கள். முதல் மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் மற்றவை தடுமாறாமல் வரும் என்பதால் அவற்றைப் பற்றியே இங்கே அதிகம்.

அட்டை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று எல்லா வீட்டிலும் ஒருவராவது கேட்பார். படங்களும் சைகைகளும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குக் கூடவே பேச்சும் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. எப்படியானாலும், தாகம் என்று இன்றைக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும்.

தொடங்கும் முன்

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதித்துவிடுங்கள். ஓஏஇ, பெரா ஆகிய இரண்டு செவித்திறன் சோதனைகளையும் குழந்தை தூங்கும்போதே எடுக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் அது, கட்டணம் கிடையாது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது. ஏற்கெனவே ஸ்பீச் தெரபிஸ்டிடம் போய்க்கொண்டிருந்தால், இதைத் தொடங்கப்போவதாக அவரிடம் சொல்லிவிட்டு, முதல் சில தடவை அவர் எதிரிலேயே செய்து பாருங்கள்.

படி 1: எதற்காகக் குழந்தை மெனக்கெடும்?

குழந்தைக்கு எது பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும் என்றுதான் நினைப்போம். சோதித்துப் பார்த்தால் பாதி தவறாக இருக்கும். ஒரு தட்டில் ஐந்தாறு பொருள்களை வையுங்கள். முதலில் எதை எடுக்கிறது என்று பாருங்கள். அதைத் தட்டிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி வையுங்கள், அடுத்து எதை எடுக்கிறது? கையிலிருந்து மெதுவாக வாங்கினால் திரும்பப் பிடுங்குகிறதா, விட்டுவிடுகிறதா? பிடுங்கினால் அது நமக்கான பொருள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பார்த்து எட்டுப் பத்துப் பொருள் உள்ள பட்டியலாக்குங்கள்.

சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருளே பழக்க உகந்தது. நகத்தளவு முறுக்குத் துண்டு, ஒரு வாய் ஜூஸ், பத்து நொடி ஊஞ்சல், ஒரு ஊது சோப்புக் குமிழி, கிச்சுகிச்சு. தீர்ந்தால்தானே மறுபடி கேட்கும்! முழு முறுக்கைக் கொடுத்தால் கேட்க ஒரு வாய்ப்பு, அதையே பதினைந்தாக உடைத்தால் பதினைந்து வாய்ப்பு. சிறு குழந்தைக்கு முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். செல்போனையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதில் ஒவ்வொரு தடவையும் சண்டை வரும்.

பட்டியலில் உள்ளவை இனி மூடி போட்ட டப்பாவிலோ உயரமான அலமாரியிலோ இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்டக் கூடாது. சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல் கிடைத்துக்கொண்டே இருக்கட்டும். பசிக்கவைத்துப் பழக்குவது கூடவே கூடாது.

படி 2: அட்டை செய்வது

அந்தப் பொருளையே வெள்ளைத் துணி மேல் வைத்து ஃபோட்டோ எடுங்கள். உங்கள் வீட்டில் வாங்கும் பிஸ்கட் என்றால் அந்தப் பாக்கெட்டோடு எடுக்கலாம். 5 செ.மீ. சதுரமாக அச்சிட்டு வெட்டி லேமினேஷன் செய்யுங்கள். வெட்டும்போது சுற்றிலும் 3 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விடுங்கள், படத்தை ஒட்டி வெட்டினால் குழந்தை கடிக்கும்போது எச்சில் உள்ளே போய் இரண்டாகப் பிரிந்துவிடும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள். பின்புறம் சின்னதாக ஒரு வெல்க்ரோ துண்டு. எல்லா அட்டைக்கும் சொரசொரப்பான பக்கம், அட்டைகளை ஒட்டிவைக்கும் ஃபைலுக்கு மென்மையான பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மாற்றி ஒட்டினால் பிறகு எதுவும் எதிலும் ஒட்டாது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள், ஒன்று நிச்சயம் சோபாவுக்கு அடியில் போகும்.

படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. முதல் கட்டத்தில் குழந்தை படத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. அட்டையைக் கொண்டுபோய் ஒருவர் கையில் கொடுத்தால் ஏதோ நடக்கிறது என்பது புரிந்தால் போதும்.

படி 3: முதல் கொடுக்கல் வாங்கல்

பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே, மற்றவர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால். ஒருவரே இரண்டு வேலையையும் பார்த்தால், அம்மா தன் கையைப் பிடித்து நகர்த்தும்வரை குழந்தை சும்மா காத்திருக்கப் பழகிவிடும்.

இருவருக்கும் நடுவே ஒரே ஒரு அட்டை. எதிரே இருப்பவர் முறுக்குத் துண்டைக் காட்டுகிறார். வாயைத் திறக்கக் கூடாது. ‘என்ன வேணும்?’, ‘அட்டையைக் குடு கண்ணா’, ‘படத்தை எடு’ எதுவுமே கூடாது. கேட்டால் மட்டுமே கொடுக்கும் குழந்தை, நாம் கேட்க மறந்த நாளில் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். தொடங்குவது எப்போதும் குழந்தையாக இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தின் சாரமே அதுதான், பெரும்பாலான வீடுகளில் வழுக்குவதும் இங்கேதான்.

குழந்தை முறுக்கை நோக்கிக் கை நீட்டும். அந்த நொடியில் பின்னால் இருப்பவர் அந்தக் கையை மெதுவாக அட்டைக்குத் திருப்பி, எடுக்கவைத்து, எதிரே இருப்பவர் பக்கம் நீட்டவைத்து, அவர் உள்ளங்கையில் விடவைப்பார். குழந்தை கை நீட்டும் முன்பே பிடித்து நகர்த்தக் கூடாது. எதிரே இருப்பவரும் உள்ளங்கையை முன்கூட்டியே விரித்துவைக்கக் கூடாது, கை விரிவதே ‘குடு’ என்ற கட்டளையாகிவிடும். அட்டை கையில் விழுந்ததும், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், ‘முறுக்கு!’ என்று பேரைச் சொல்லியபடியே துண்டைக் கொடுங்கள். அது தின்னும்போது அட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். திரும்ப வைக்கும் வேலையைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

பின்னால் இருப்பவர் கொஞ்சுவதோ பாராட்டுவதோ கூடாது. குழந்தையைப் பொறுத்தவரை அவர் அங்கே இல்லை.

உதவியைக் கடைசியிலிருந்து குறைத்துக்கொண்டு வாருங்கள். முதலில் அட்டையை விடுவதற்கான உதவியை நிறுத்துங்கள். அது தானாக வந்ததும் நீட்டுவதற்கான உதவி, பிறகு எடுப்பதற்கான உதவி. எடுப்பதில் தொடங்கிக் குறைத்தால், எடுத்த அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டாம். நாள் முழுக்கப் பரவலாக முப்பது நாற்பது வாய்ப்பு அமைந்தால் நல்லது. டிபன் நேரத்தில் ஐந்து, மாலையில் மொட்டைமாடியில் குமிழி ஊதும்போது பத்து, இப்படி. பத்தில் எட்டு முறை உதவியில்லாமல், குறைந்தது இரண்டு பேரிடம், மூன்று பொருளுக்காவது கொடுத்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அப்பாவும் பாட்டியும் எதிரே உட்கார்ந்து பழகட்டும்.

படி 4: தூரம்

அட்டையை எடுத்து, ஆளைத் தேடிப்போய்க் கொடுப்பது. எதிரே இருப்பவர் முதலில் ஒரு சாண் பின்னால் சாய்ந்துகொள்ளட்டும். பிறகு ஒரு அடி, மூன்று அடி, அறையின் மறுகோடி, அடுத்த அறை. அதன் பிறகுதான் அட்டைக்கும் குழந்தைக்கும் உள்ள தூரத்தைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் குழந்தை கைவிட்டுவிடும்.

அடுத்தது திரும்பி நிற்பது. நீங்கள் அடுப்பைப் பார்த்து நிற்கும்போது குழந்தை வந்து புடவையை இழுத்தோ கையைத் தொட்டோ அட்டையைத் திணிக்க வேண்டும். வராமல் நின்றால் பின்னால் இருப்பவர் தோளில் லேசாகக் கைவைத்து நகர்த்தலாம், பேசக் கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள் பலர். அப்படிக் குதித்தால், மேசையில் எதிரே உட்கார்ந்தால் அழகாகக் கொடுக்கும், வேறெங்கும் கொடுக்காது.

அட்டை ஃபைலுக்கு வீட்டில் ஒரே இடம் ஒதுக்குங்கள், குழந்தையின் மார்பு உயரத்தில். சேட்டை செய்தால் ஃபைலை எடுத்து அலமாரி மேல் வைக்கும் தண்டனை வேண்டாம். அது அந்தக் குழந்தையின் வாயைப் பொத்துவதுதான்.

படி 5: படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

இப்போது இரண்டு அட்டைகள். ஒன்று மிகவும் பிடித்தது, மற்றது எந்த ஆர்வமும் இல்லாதது. முறுக்கும் காலுறையும் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு அட்டையைத் தொட்டதுமே ‘ம்ம்!’ என்று முகம் மலருங்கள், கொடுத்ததும் துண்டைக் கொடுங்கள். காலுறை அட்டையைக் கொடுத்தால் சிரிக்காமல், திட்டாமல், காலுறையையே கொடுங்கள். குழந்தை அதை வீசும். வீசினால் நல்லது, இரண்டு படமும் ஒன்றல்ல என்பது உறைக்கத் தொடங்கிவிட்டது.

உடனே திருத்துங்கள். முறுக்கு அட்டையை விரலால் தட்டிக் காட்டுங்கள். அதை எடுத்துக் கொடுக்க உதவுங்கள், கொடுத்ததும் பேரைச் சொல்லிப் பாராட்டுங்கள், ஆனால் துண்டைக் கொடுக்காதீர்கள். பிறகு கைதட்டச் சொல்வதுபோலத் தெரிந்த வேலை ஒன்றை இடையில் கொடுங்கள். மறுபடி முறுக்கைக் காட்டிக் காத்திருங்கள். இம்முறை தானாகச் சரியாகக் கொடுத்தால் துண்டு. உதவி செய்து கொடுத்ததற்கே துண்டைக் கொடுத்துவிட்டால், முதலில் தவறாகக் கொடு, பிறகு அம்மா காட்டுவாள் என்பதே பாடமாகிவிடும்.

அட்டைகளின் இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், இடவலமாக மட்டுமல்ல, மேலும் கீழுமாகவும். மாற்றாவிட்டால் படத்தைப் பார்க்காமல் வலது பக்கத்தைப் பார்த்து எடுக்கும்.

இது பிடிபட்டதும் இரண்டுமே பிடித்த பொருளாக வையுங்கள். எந்த அட்டையைக் கொடுத்தாலும் இரண்டு பொருளையும் தட்டில் நீட்டி ‘எடுத்துக்கோ’ என்று சொல்லுங்கள். ஜூஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு முறுக்கை எடுக்கப்போனால் தட்டை மெதுவாகப் பின்னிழுத்துத் திருத்துங்கள். தேர்வு உண்மையானதா, குருட்டாம்போக்கா என்பது இங்கே தெரிந்துவிடும். பிறகு மூன்று, ஐந்து, ஒரு பக்கம் நிறைய அட்டைகள்.

படி 6: வாக்கியம்

நீளமான ஒரு பட்டையில் ‘எனக்கு’ அட்டையை இடது ஓரத்திலும் ‘வேணும்’ அட்டையை வலது ஓரத்திலும் நிலையாக ஒட்டிவிடுங்கள். நடுவில் காலியிடம். குழந்தை அதில் படத்தை ஒட்டி, பட்டையோடு ஃபைலிலிருந்து உரித்துக் கொடுக்க வேண்டும். வாங்கியதும் அதன் விரலைப் பிடித்துத் தொட்டபடி ‘எனக்கு…’ என்று படித்து நிறுத்துங்கள், மூன்று நான்கு நொடி. அந்த இடைவெளியில் ‘மு’ என்றாவது ஒலி வந்தால் கொண்டாடுங்கள். வராவிட்டாலும் ‘முறுக்கு வேணும்’ என்று நீங்களே முடித்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பிடித்துவைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்கும் பட்டையில் வேண்டும் என்பது முன்னால் வந்துவிடும், தமிழுக்கு அது சரிப்படாது. நீங்களே செய்துகொள்வது நல்லது.

ஐந்தாம் கட்டத்தில்தான் ‘என்ன வேணும்?’ என்ற கேள்விக்கு இடம். ஆறாவதில் ‘என்ன தெரியுது?’ என்று கேட்டு, பார்த்ததைச் சொல்லப் பழக்குவது. இந்த இரண்டையும் தெரபிஸ்டின் துணையோடு செய்யுங்கள்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள்

முறுக்கை ஐம்பது தடவை கேட்கிறதா? முதல் வாரங்களில் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள், துண்டை இன்னும் சிறிதாக்குங்கள். நன்றாகப் பழகிய பிறகு காலி டப்பாவைத் திறந்துகாட்டி ‘தீந்துபோச்சு’ என்று சொல்லி, வேறு இரண்டு அட்டைகளைக் காட்டலாம்.

கத்தல் முன்பைவிட அதிகமாகிறதா? இதுவரை பலித்தது திடீரென்று பலிக்காவிட்டால் கொஞ்ச நாள் ஓங்கும். கத்தலின் உச்சத்தில் அட்டையைக் கையில் திணிக்காதீர்கள், கத்தி முடித்து அட்டை கொடுப்பது என்று இரண்டும் சேர்ந்தே பதிந்துவிடும். ஒரு மூச்சு அடங்கியதும் உதவுங்கள், அடுத்த முறை கத்தல் தொடங்கும் முன்பே உதவுங்கள். தன்னைக் கடித்துக்கொள்வது, தலையை மோதுவது போன்றவை இருந்தால் தனியாகச் சமாளிக்க வேண்டாம், உளவியலாளரையோ நடத்தை சிகிச்சை தெரிந்தவரையோ பாருங்கள்.

பத்து நாளாகியும் முதல் கட்டம் நகரவில்லையா? பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பொருள் அலுத்துவிட்டது, பாட்டி கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறார், அல்லது பின்னால் இருப்பவரின் கை விலகவே இல்லை. எது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். நாள், பொருள், யாரிடம், எத்தனை வாய்ப்பு, அதில் தானாகக் கொடுத்தது எத்தனை. ‘செவ்வாய், குமிழி, அப்பாவிடம், 12இல் 7’ என்று ஒரு வரி. ஒரு வாரத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பொருளில், யாரிடம் தேங்குகிறது என்பது தெரியும். பள்ளி ஆசிரியரிடமும் தெரபிஸ்டிடமும் காட்டுவதற்கும் இந்த நோட்டுதான் உதவும்.