காணியை ஈடு வைப்பதற்கு முன் ஒரு கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் திருகோணமலையில் அடுத்த கேள்வி, "எந்த நாட்டுக்குப் போகப்போறாய்?" என்பதுதான். ஜேர்மனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. சரி, இலவசம் என்று துள்ள வேண்டாம். மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும் (2024 செப்டம்பரில் வந்த தொகை, போகும்போது மறுபடி பாருங்கள்).

'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியின் கதை வேறு. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பாடசாலை, மீதி நாள் நிறுவனத்தில் வேலை. தொழிலைப் பொறுத்து 2 முதல் 3½ வருடம், பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு. ஆனால் ஜேர்மன் மொழி பொதுவாக பி1 என்ற இடைநிலை மட்டத்திலாவது வேண்டும். ஒரு நிறுவனமும் உங்களைப் பயிற்சிக்கு எடுக்கச் சம்மதிக்க வேண்டும். முகவருக்குக் கொட்டும் காசை மொழி வகுப்புக்குக் கொடுப்பதே புத்தி என்பேன்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல் சமையலறைகளில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. புதிதாகப் பயிற்சி நெறி படிக்காமலே, முன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டக் கையில் ஒரு தாள் இருக்கும்.

பட்டம்தான் வேண்டுமென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். திரும்பி வந்து அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது கேட்கப்படும்.