பழைய முறையில் ஸ்ட்ரைப்டு பாஸ்: கரையில் நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழைய சாமான் சந்தைகளைச் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும்: ஏதாவது ஒரு மேசையில் மூங்கில் தூண்டில் கழி ஒன்றும் நூல் சுற்றும் களிம்பேறிய ரீல் ஒன்றும் கிடக்கும். நியூஜெர்சியில் குடியிருக்கும் நம் ஆட்களில் மீன்பிடிப் பைத்தியம் உள்ளவர்களுக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நைலான் நரம்பும் கண்ணாடியிழைக் கழியும் வராத காலத்தில் எப்படிப் பிடித்தார்களோ, அப்படியே, உடலில் கோடுகள் ஓடும் அந்தக் கரையின் மீனான ஸ்ட்ரைப்டு பாஸ் ஒன்றையாவது பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது நல்ல ஆசைதான். ஆனால் சாமான் பழையதாக இருந்தால் மட்டும் போதாது. அதை வைத்திருந்தவர்கள் நின்ற இடம், நின்ற நேரம், காட்டிய நிதானம் எல்லாம் சேர்ந்துதான் அந்த முறை. இதை மறப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, தூரத்தை நம்புவது. வந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கண்ணுக்கெட்டிய மட்டும் வீசுவார்கள். ஸ்ட்ரைப்டு பாஸ் அலை உடைகிற இடத்தில் மேயும் மீன். மணற்கரைகளில் கரைக்கு இணையாக ஒரு மணல் திட்டு ஓடும். அலை அதன்மேல் உடையும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அலை கலக்கிவிட்ட மணலில் நண்டும் சின்ன மீன்களும் தடுமாறும்போது, பாஸ் அந்தப் பள்ளத்துக்குள் வந்து மேயும். இருட்டில் முழங்கால் ஆழம் வரைகூட வரும். அங்கேதான் நீங்கள் காலை வைத்து நிற்கிறீர்கள், மீனைக் கலைத்துவிட்டு.

அந்தக் காலத்து ஆட்கள் பலர் கழியே இல்லாமல் பிடித்தார்கள். தூண்டில் முள் பதித்த ஈயத் துண்டையோ வெள்ளீயத் துண்டையோ கயிற்றில் கட்டி, தலைக்கு மேல் சுழற்றி எறிந்து, கை மாற்றி மாற்றி இழுப்பார்கள். கையால் எறிவது எவ்வளவு தூரம் போய்விடும்? மாசசூசெட்ஸின் கட்டிஹங்க் தீவில் 1864இல் நியூயார்க் பணக்காரர்கள் ஒரு மீன்பிடிக் கிளப் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததும் இதே வேலைதான், கொஞ்சம் வசதியாக. கரையோரப் பாறைகளில் இரும்புக் கம்பிகளை நட்டு, மேலே குறுகலான பலகை போட்டு, அதன் முனையில் நிற்பார்கள். எந்தப் பலகை யாருக்கு என்று முந்தைய இரவே சீட்டுப் போட்டுக்கொள்வார்கள். கூலிக்கு அமர்த்திய ஆள், மத்தி இனத்து எண்ணெய் மீனான மென்ஹேடனை நறுக்கித் தண்ணீரில் இறைத்துக்கொண்டே இருப்பார். முள்ளில் சிங்கி இறாலின் வால் சதை. அது விழுந்தது பலகைக்குக் கீழே, பாறையிடுக்கு நுரையில்.

அதனால் முதல் சில வீச்சுகளைக் காய்ந்த மணலில் நின்றபடியே, கரையை ஒட்டிச் சாய்வாகப் போடுங்கள். அதற்கும் முன்னால், பகலில் தண்ணீர் நன்றாக வற்றிய நேரத்தில் ஒரு நடை போய்ப் பள்ளம் எங்கே, திட்டு எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். திட்டு அறுந்த வாய் வழியாகத்தான் மீன் உள்ளே வரும், போகும். இந்த ஒரு நடைக்கு ஈடான சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

அடுத்தது ரீல். மீன் இழுக்கும்போது நூலை அளவாக நழுவ விடும் டிராக் அமைப்பு, ரீலுக்குள் ஒழுங்காக வந்து சேர்ந்தது 1913 வாக்கில். அதற்கு முந்தைய ரீல்களில் மீன் ஓடினால் கைப்பிடியும் பின்பக்கமாகச் சுழலும். அந்த வேகத்தில் அதைப் பிடிக்கப் போனால் விரல்முட்டி பெயர்ந்துவிடும். கைப்பிடியை விட்டுவிட வேண்டும். மீனை நிறுத்துவது கட்டைவிரலின் வேலை. சுழலும் நூலின்மேல் விரலை அழுத்தினால் தோல் உரியும் என்பதால் தோலில் தைத்த விரலுறை போட்டுக்கொள்வார்கள். வீசும்போதும் இதே கதைதான். தூண்டில் தண்ணீரைத் தொடும் கணத்தில் விரலை அழுத்தாவிட்டால் ரீல் தன்பாட்டுக்குச் சுற்றி, நூல் குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். இருட்டில் அதைப் பிரிக்க உட்கார்ந்தால் கடல் ஏற்றமே முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தைப் பகலில், வெறும் மணலில், முள் இல்லாத ஈயத்தைக் கட்டி வீசிப் பழகிக்கொண்டு அப்புறம் கடலுக்குப் போவது நல்லது.

நூல் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். அன்று பயன்பட்டது முறுக்கிய லினன் நூல். கட்டிஹங்க் நூல் என்று அந்தத் தீவின் பெயரிலேயே விற்றது. எத்தனை இழை என்று எண்ணி வாங்குவார்கள்; நனைந்த நிலையில் இழைக்குச் சுமார் 3 பவுண்ட் தாங்கும் என்பது கணக்கு. லினன் நனைந்தால்தான் உறுதி. காய்ந்த நூலோடு முதல் வீச்சை ஓங்கிப் போட்டால் நூலும் அறும், விரலும் காயப்படும். முதலில் தண்ணீரில் நன்றாக ஊற விட வேண்டும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, ரீலிலிருந்து முழுவதும் இறக்கிக் காய வைக்க வேண்டும். மேல் சுற்று உலர்ந்திருக்கும், அடிச் சுற்று உள்ளுக்குள் மக்கிக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. சந்தையில் ரீலோடு சுற்றியே கிடைக்கும் பழைய நூலை மீனுக்குப் போடாதீர்கள். அது அறுந்தால் உங்களுக்கு ஒரு மீன் நஷ்டம், மீனுக்கோ வாயில் முள்ளும் பின்னால் இழுபடும் நூலும். பழைய கழி, பழைய ரீல் வைத்துக்கொண்டு நூலை மட்டும் புதிதாக வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

கழியைப் பற்றி ஒரு கிளைக்கதை: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் தூண்டிலுக்கு விரும்பி வாங்கிய மூங்கில் இந்தியாவிலிருந்து போனது. கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். சீனத்து டோங்கின் மூங்கில் பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. மூங்கில் எதுவானாலும், மீனைக் கழியின் பலத்தால் மணலுக்கு இழுத்துப் போட நினைக்கக் கூடாது. அலை திரும்பும்போது நூலைக் கொடுங்கள். அடுத்த அலை மீனைத் தூக்கிக்கொண்டு வரும்போது இரண்டடி பின்னால் நடங்கள். கரையேற்றுவது அலையின் வேலை.

வெள்ளீயத் தூண்டில் கிடைத்தால் அதைக் கறுத்த நிறத்திலேயே வீசாதீர்கள். ஈர மணலை ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் மீன் செதிலைப் போல மின்னும். பழைய ஆட்கள் கரையிலேயே அப்படித் தேய்ப்பார்கள். வெள்ளீயம் மென்மையானது என்பதால் கையாலேயே லேசாக வளைத்து அதன் ஆட்டத்தை மாற்றலாம். விலாங்கின் தோலை உரித்து அதன்மேல் மாட்டுவதும் உண்டு. அந்தத் தோலை உப்பில் போட்டு வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் விறைத்து, தண்ணீரில் உயிரே இருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, உச்சி வெயிலில் அமைதியான கடலில் நிற்பது வீண். பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீர் ஏறவோ வற்றவோ ஓட்டம் எடுக்கும்போது, இலையுதிர் காலத்தில் மீன் கூட்டம் தெற்கே திரும்பும்போது போங்கள். டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீரில் அடிக்காதீர்கள்.

பாறையில் மட்டும் பழமை பார்க்கவே கூடாது. பாசி படிந்த கல்லில் சாதாரண ரப்பர் பூட்ஸோடு நிற்காதீர்கள். ஆணி பதித்த அடிப்பாகம் வேண்டும். நீர்புகாக் கால்சட்டைக்கு மேல் இறுக்கமாக பெல்ட் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஓர் அலையில் உள்ளே தண்ணீர் நிரம்பி எழுந்திருக்கவே முடியாது. இரவில் தனியாகப் போக வேண்டாம்.

கடைசியாக, மனதில் இருக்கும் தவறு: அந்தக் காலத்தில் மீன் அள்ள அள்ளக் குறையாமல் இருந்தது என்று நினைப்பது. 1639இலேயே மாசசூசெட்ஸ் குடியேற்றம், பாஸ் மீனை வயலுக்கு உரமாகப் போடக் கூடாது என்று தடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூ இங்கிலாந்துக் கரையில் இந்த மீன் அரிதாகி, பணக்காரர்களின் பலகைகள் வெறுமையாகின. 1934இல் பிறந்த குஞ்சுகளால் மீண்டும் பெருகியது. 1973இல் வணிகப் பிடிப்பு உச்சம் தொட்டது. பத்தே ஆண்டுகளில் சரிந்தது. அந்தச் சரிவின் நடுவில்தான், 1982இல், புயல் காற்றடித்த ஓர் இரவில் அட்லாண்டிக் சிட்டியின் கற்தடுப்பில் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் 78 பவுண்ட் 8 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்து உலக சாதனை படைத்தார். பெரிய மீன் கிடைக்கிறது என்பதால் மீன் வளம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. குஞ்சுகள் வராமல் பழைய மீன்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்போதும் பெரிய மீன் கிடைக்கும். 1984இல் இந்த மீனைக் காக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் வந்தது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை பிடிக்கவே தடை போட்டது. 1995இல்தான் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். இப்போது மறுபடியும் கட்டுப்பாடு இறுகியிருக்கிறது.

அதனால் பழைய புகைப்படங்களில் இருப்பதைப் போலப் பெரிய மீன்களை வரிசையாகத் தொங்கவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்தப் பெரியவை பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண் மீன்கள். கடலோரத்தில் 2023 முதல் 28இலிருந்து 31 அங்குலத்துக்குள் உள்ள ஒரே ஒரு மீனைத்தான் ஒருவர் ஒரு நாளில் எடுக்கலாம். இயற்கை இரை போட்டால், நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள் கட்டாயம். விதிகள் மாறுபவை, கிளம்பும் முன் உங்கள் மாநில அறிவிப்பைப் பாருங்கள். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டு வீசுங்கள். விடப்போகும் மீனைக் காய்ந்த மணலில் இழுக்காமல், கையை நனைத்துக்கொண்டு, அலைக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தானாக வாலை அடிக்கும்வரை தலையைக் கடலைப் பார்த்துப் பிடித்திருங்கள்.