பொன்னுருக்குக்கு முன்னால் ஒரு நாள்: யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளைக்குப் பார்ட்டி வைக்கப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ நண்பனின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிற பெடியள் இப்போது முதலில் கேட்பது, பச்சலர் பார்ட்டியை எங்கே வைக்கலாம் என்பதைத்தான். கொழும்பில் இரண்டு இரவு தங்கி அதை முடித்துவிட்டு யாழ்ப்பாணம் வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பில் வைத்தால் வேலை சுலபம், உண்மைதான். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை மாப்பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் அங்கே வரமாட்டான். ஊரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிமாரும் வரமாட்டார்கள். அவர்களுக்கு லீவு கிடைக்காது, செலவும் கட்டாது. நான் ஊரில் நான்கு கல்யாணங்களுக்கு இந்த வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்திருக்கிறேன். வெளியில் இருந்து வந்தவனும் ஊரில் இருப்பவனும் ஒரே பாயில் இருந்து சாப்பிட்ட நாளைத்தான் அந்த மாப்பிள்ளைமார் இன்றைக்கும் சொல்லிக் கதைக்கிறார்கள். அதனால் நான் எழுதுவது முழுக்க யாழ்ப்பாணத்தில் வைப்பதைப் பற்றித்தான்.

முதலில் நாள்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நாள் வைக்கும்போது பொன்னுருக்குக்கும் ஒரு நாள் வைப்பார்கள். கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு, நல்ல நேரம் பார்த்து, தாலிக்கான தங்கத்தை ஆசாரியார் உருக்குவார். கன்னிக்காலும் ஊன்றுவார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் கல்யாணம் வரை ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, தூரப் பயணம் போவதுமில்லை. வெளிநாட்டில் பிறந்த நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு பார்ட்டி இருக்கும் என்று நினைத்து, அதற்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்குகிற மாதிரி ரிக்கெட் போட்டுவிடுகிறார்கள். வந்து பார்த்தால் மாப்பிள்ளையை வீட்டார் படலைக்கு வெளியே விடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இத்தனை வருடம் காத்திருந்து செய்கிற கல்யாணம்.

ஆகவே ரிக்கெட் போட முதலே மாப்பிள்ளையின் அம்மாவிடம் பொன்னுருக்கு நாளைக் கேளுங்கள். பார்ட்டி அதற்கு இரண்டு நாளாவது முந்தி இருக்கட்டும். நேர வித்தியாசத்தில் வரும் தூக்கக் கலக்கம் போக இரண்டு நாள் வேண்டும், கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கினால் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ரயிலோ பஸ்ஸோ இருக்கிறது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் நெருங்கிய நண்பர்கள் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். சென்னையில் நின்று வருகிறவர்களுக்கு அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு விமானம் இருக்கிறது. அவ்வளவு லீவு எடுக்க முடியாதவர்களுக்காகப் பார்ட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். அவர்களோடு கல்யாணம் முடிந்த பிறகு, நாலாம் சடங்கும் கழிய, ஒரு மத்தியானச் சாப்பாடு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நல்லூர். கனடாவிலும் இங்கிலாந்திலும் பள்ளி விடுமுறை விடுகிற ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் எல்லோரும் வருகிறார்கள். நல்லூர்க் கந்தன் திருவிழாவும் அப்போதுதான். 25 நாள் நடந்து ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவாகும். அந்த 25 நாளும் யாழ்ப்பாணத்தில் ஏராளமான வீடுகளில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைக்கமாட்டார்கள். ஒரு ஆவணியில் நாங்கள் நண்டும் இறாலும் சொல்லிவைத்து, அடுப்புக்குக் கல்லும் வைத்துவிட்டோம். முதல் நாள் மாலைதான் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து, கொடியேறிய பிறகு இந்த வளவுக்குள் மச்சம் வராது என்று சொன்னார். அவர் சொன்னது நியாயம், நாங்கள்தான் கேட்கவில்லை. அன்று மரக்கறிக் கூழ் காய்ச்சினோம். நல்லாகத்தான் இருந்தது. ஆனால் நண்டுக்கு முற்பணம் வாங்கிய கடற்தொழிலாளிக்கு முழுக் காசையும் கொடுத்து, அந்த நண்டைக் குருநகரில் ஒரு நண்பனின் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

திருவிழா இல்லாத நாட்களிலும் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். சைவ வீடுகளில் வெள்ளி மரக்கறிதான், சில வீடுகளில் செவ்வாயும். பௌர்ணமி போயா நாளில் நாடு முழுவதும் மதுபானம் விற்கத் தடை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 ஐ ஒட்டிய நாட்களிலும், மாவீரர் நாளான நவம்பர் 27 இல் முடியும் வாரத்திலும் எந்தக் கொண்டாட்டமும் வைக்காதீர்கள். உங்களோடு அந்தப் பாயில் இருக்கப் போகிறவர்களில் ஒருவனுக்காவது அண்ணனோ அக்காவோ அந்த நாட்களில் விளக்கேற்றப்படுகிறவராக இருக்கும்.

எங்கே வைப்பது

பெரிய ஹோட்டல்கள் நகரத்தில் இப்போது இருக்கின்றன, குளிரறை, பார் எல்லாம் உண்டு. தூர இடங்களில் இருந்து வந்த நண்பர்கள் தங்க அவை சரி. பார்ட்டிக்கு நான் சொல்வது, உறவினர் ஒருவரின் தோட்டத்தோடு சேர்ந்த வளவு. ஒரு மாமரமும் கிணறும் வோட்டர் பம்பும் இருந்தால் போதும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது பம்ப் குழாய்க்குக் கீழே பத்துப் பேர் தள்ளுப்பட்டுக் குளிப்பதற்கு ஈடாக எந்த நீச்சல் குளமும் இல்லை. சிறு வயதில் ஊரை விட்டுப் போன மாப்பிள்ளை அந்தத் தண்ணீரில் நின்று அழுததை நான் கண்டிருக்கிறேன்.

கடற்கரை விரும்பினால் காரைநகர் கசூரினா. ஆழம் குறைவு, அலையும் அதிகமில்லை. காலையிலேயே போய்க் குளித்துவிட்டு வந்துவிடுங்கள். அங்கே குடும்பங்கள் வரும், பொது இடத்தில் குடிப்பது குற்றமும்கூட. குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது எந்தக் கடற்கரையிலும் வேண்டாம். கீரிமலைக் கேணியில் குளிக்க ஆசைப்பட்டால் அது நகுலேஸ்வரம் சிவன் கோயிலின் தீர்த்தம், பிதிர்க்கடன் செய்கிறவர்கள் வரும் இடம் என்பதை நினைவில் வைத்து, பக்தியோடு காலையில் போய் வாருங்கள். காரைநகர்க் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையிலும் தங்கலாம், ஆனால் அதை நடத்துவது கடற்படை. குழுவில் சிலருக்கு அது மனதுக்கு ஒப்பாது. எல்லோரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நெடுந்தீவுக்குப் போக நினைத்தால் குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், அன்றே திரும்பிவிடலாம் என்று நம்பி மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கூழ்

இந்த நாளின் நடு அச்சு கூழ்தான். பிரியாணியும் கொத்துரொட்டியும் எந்த நாளும் கிடைக்கும். ஒடியற் கூழை ஆறு பேருக்குக் காய்ச்சினால் ருசிக்காது, கூட்டம் வேண்டும். அதனால்தான் அது நண்பர்களுக்கான சாப்பாடு.

பனங்கிழங்கை அவிக்காமல் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்தெடுத்த மாவில் ஒரு கசப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, மேல் தண்ணீரை வடித்து வடித்து அந்தக் கசப்பை எடுக்க வேண்டும். இதற்கு அவசரப்பட்டால் முழுக் கிடாரமும் (கூழ் காய்ச்சும் பெரிய அண்டா) கைத்துப்போகும். மாவை முதல் நாளே வாங்கி, தெரிந்த ஒரு அன்ரியிடம் ஊறவைக்கக் கொடுத்துவிடுங்கள். மீன் வேலை காலையில். பாசையூரிலோ குருநகரிலோ விடியற்காலையில் போனால் நண்டு, இறால், மீன்தலை எல்லாம் உயிர்ப்போடு கிடைக்கும். ஊரில் இருக்கும் நண்பனையே பேரம் பேச விடுங்கள், நீங்கள் காருக்குள் இருங்கள்.

கிடாரத்தில் தண்ணீர் கொதிக்க ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை போட்டு அவியவிட்டு, பிறகு மீனும் நண்டும் இறாலும். செத்தல் மிளகாய், மஞ்சள், உள்ளியை அரைத்து, புளியோடும் மாவோடும் கரைத்துக் கடைசியில் விட்டுத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். துழாவும் அகப்பையை மாப்பிள்ளையிடம் கொடுங்கள். யாராவது ஒருவனுக்கு நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், வெளிநாட்டுக் கூட்டத்தில் இது அடிக்கடி வரும். முன்கூட்டியே கேட்டு அவனுக்கு ஒரு சின்னப் பானையில் மரக்கறிக் கூழ் வேறாக வையுங்கள், அகப்பையும் வேறு. குடிப்பதற்குப் பனையோலைப் பிளா மடித்துத் தரச் சொல்லுங்கள். சுடச்சுடப் பிளாவில் ஊற்றி, மாமரத்துக்குக் கீழே வட்டமாக இருந்து குடித்தால் வியர்த்துக் கொட்டும், ஒருவரும் போனைத் தொடமாட்டார்கள்.

கிடாரமும் கதிரைகளும் வாடகைக் கடையில் எடுக்கலாம். சில ஊர்களில் சனசமூக நிலையத்திலும் கிடைக்கும். அங்கே எடுத்தால் வாடகையோடு வாசிகசாலைக்கு ஒரு தொகையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனங்கள்ளு அன்றன்று இறக்கியதாக இருக்க வேண்டும், நேரம் போகப் போகப் புளித்து வெறி கூடும். கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளில் (கள்ளுக்கடைகளில்) வாங்கலாம். குடிக்காதவர்களுக்குச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பணி (பதநீர்) நீங்கள் போகிற நேரத்தில் கிடைத்தால் வாங்குங்கள், அவர்களும் பிளா பிடிக்கலாம். மரமேறும் தொழிலாளி வீட்டுக்கே கொண்டுவந்து தந்தால் அவரை இருக்கச் சொல்லி, மரியாதையாகப் பேசி, கேட்ட விலையைக் கொடுங்கள். வயதில் மூத்த மனிதரை நீ, வா, போ என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் சில வளவுகளில் இருக்கிறது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றம், நீங்களும் கொடுக்காதீர்கள்.

காசு

2022 நெருக்கடிக்கு முன் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. இப்போது 300 ரூபாய் அளவில் நிற்கிறது. அதனால் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு எல்லாம் மலிவாகத் தெரியும், ஊரில் சம்பளம் எடுக்கிறவர்களுக்கு எல்லாம் விலை ஏறிப்போய்த் தெரியும். இரண்டு பேரிடமும் ஒரே தொகையைக் கேட்டால் ஊர்க்காரன் ஏதாவது சாட்டுச் சொல்லி வராமல் நின்றுவிடுவான். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் தங்களுக்குள் தனியாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் காசு வாங்க வேண்டாம். ஊர் நண்பன் விறகு கொண்டுவருகிறேன், பலாக்கொட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது, பம்புக்கு மண்ணெண்ணெய் நான் அடிக்கிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது அவனுடைய பங்கு.

இன்னொருவரையும் அழையுங்கள்: பெண்ணின் தம்பி. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மோதிரம் வாங்கிக்கொண்டு தோழனாக நிற்பவர் அவர்தான். மணவறையில் முதல் தடவை சந்திப்பதைவிட மாமரத்துக்குக் கீழே சந்திப்பது இரண்டு பேருக்கும் நல்லது. அவர் இருந்தால் கூட்டமும் ஒரு அளவோடு நடந்துகொள்ளும்.

சில கட்டுப்பாடுகள்

வானைச் சாரதியோடு பிடியுங்கள், அவருக்கும் சாப்பாடும் படுக்க இடமும் ஒழுங்கு செய்யுங்கள். வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட முடியாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி வேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி போடாதீர்கள். பக்கத்து வீட்டில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், முதல் நாளே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போதைப்பொருள் எந்த உருவத்திலும் வேண்டாம். சட்டம் மிகக் கடுமையானது, அதைவிட அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வீடியோவை அன்றே போடாதீர்கள். பெண் வீட்டார் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்கள் என்பதை மாப்பிள்ளையே முடிவு செய்யட்டும்.

இரவு

கூழ் முடிந்து விளக்குப் போட்டதும் கடதாசிக் கட்டை (சீட்டுக்கட்டை) எடுங்கள். பழைய நாளில் கல்யாண வீட்டுப் பந்தலில் விடிய விடிய நடந்ததும் 304 என்கிற இந்தக் கடதாசி விளையாட்டுத்தான். நாலு பேர், இரண்டு பக்கம், 32 கடதாசி. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. வெளிநாட்டில் பிறந்த ஒருவனையும் ஊர்க்காரன் ஒருவனையும் ஒரே பக்கத்தில் இருத்துங்கள். முதல் மூன்று ஆட்டம் துரும்பு என்றால் என்னவென்று விளங்காமல் தோற்பார்கள். நாலாவது ஆட்டத்தில் இரண்டு பேரும் கண்ணால் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளையைப் பன்னிரண்டு மணிக்குள் வீட்டில் விடுங்கள். அம்மா முழித்துக்கொண்டிருப்பார். ஒரு சட்டியில் கொஞ்சக் கூழும் கொண்டுபோங்கள். கிடாரத்தை இரவே தண்ணீர் விட்டு ஊறவையுங்கள், ஒடியல் மா அடியில் பிடித்துக் காய்ந்தால் காலையில் உரஞ்சி எடுக்க இரண்டு பேர் வேண்டும்.