எல்லை தாண்டும் சரக்குப் பாதையைத் திட்டமிடுவது எப்படி?

அண்டை நாடுகளை இணைக்கும் பசுமையான போக்குவரத்தைத் திட்டமிடுபவர், புதிய பாதைக்கு வரைபடம் போடும் முன், இன்று சாலையில் எவ்வளவு சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் தொடங்கி ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வழியாக இத்தாலியின் ஜெனோவா வரை நீளும், லாரிச் சரக்கை ரயிலுக்கு மாற்றும் தடம் இதற்கு நல்ல பாடம். 2000-ஆம் ஆண்டில் சுமார் 14 லட்சம் லாரிகள் சுவிஸ் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தன. பின்னர் அந்த எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

அடுத்து, பணம் எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து 2001 முதல் லாரியின் எடை, ஓடும் தூரம், புகையின் அளவு ஆகிய மூன்றையும் வைத்துக் கட்டணம் வசூலித்து, அதில் பெரும்பங்கை ரயில் பாதைகளுக்குச் செலவிட்டது. 2016-இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் நீளமுள்ள ஆல்ப்ஸ் மலைக்கு அடியில் செல்லும் கொத்தார்டு அடிவார ரயில் சுரங்கத்துக்கும் இப்பணம் உதவியது. பழைய சுரங்கப் பாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரம் வரை ஏறியது. புதியது 550 மீட்டரோடு நின்றுவிடுவதால், நீண்ட, கனமான ரயில்களைக் குறைந்த எஞ்சின் பலத்தில் இழுக்க முடிகிறது.

சுரங்கத்தைத் தோண்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தடத்தின் கொள்ளளவை அதன் மிகக் குறுகிய இடமே தீர்மானிக்கிறது, அந்த இடம் பெரும்பாலும் நம் எல்லைக்கு வெளியே இருக்கும். 4 மீட்டர் உயரமுள்ள லாரிப் பெட்டிகளை ரயிலில் ஏற்றிச் செல்ல இத்தாலியின் லூயீனோ பாதையை விரிவுபடுத்த வேண்டியிருந்தபோது, சுவிஸ் அரசு 12 கோடி யூரோ வரை தானே தர 2014-இல் ஒப்பந்தம் செய்தது. தன் மக்களின் வரிப்பணத்தை அண்டை நாட்டு மண்ணில் செலவிட எந்த அரசும் எளிதில் துணியாது என்றாலும், என் கணிப்பில் இத்திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான செலவு இதுதான். வடக்கே நிலைமை வேறு: சுவிஸ் எல்லை நகரமான பாசலுக்கும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவுக்கும் இடையிலான பாதையை மேம்படுத்த 1996-இலேயே ஒப்பந்தம் கையெழுத்தானது, ஆனால் அருகருகே நான்கு ரயில் பாதைகள் இன்னும் முழுமையாக அமையவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் முடிக்க வேண்டிய ஆண்டையும், தாமதமானால் யார் என்ன செய்வது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 15,000 வோல்ட் மாறுதிசை மின்சாரம். இத்தாலியின் வழக்கமான பாதைகளில் 3,000 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். இரண்டிலும் ஓடும் எஞ்சின்களுக்குத் தொடக்கத்திலேயே நிதி ஒதுக்கிவிட வேண்டும்.

பலரும் மறப்பது மாற்றுப் பாதை. 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஸ்டாட் அருகே புதிய சுரங்கம் தோண்டும்போது மேலிருந்த தண்டவாளம் அமிழ்ந்து, இத்தடம் ஏழு வாரங்கள் மூடிக் கிடந்தது. பக்கத்திலேயே பிரான்சில் ரயில் பாதை இருந்தும், பிரெஞ்சு மொழி தெரிந்த ஓட்டுநர்களும் அங்கே ஓட அனுமதி பெற்ற எஞ்சின்களும் போதிய அளவில் இல்லாததால், சரக்கின் ஒரு பகுதி மீண்டும் லாரிக்கே போயிற்று. எனவே மாற்றுப் பாதையைத் திட்ட அறிக்கையில் குறிப்பிடுவதோடு நிற்காமல், ஓட்டுநர்களுக்கு அந்நாட்டு மொழியிலும் சைகை விளக்குகளிலும் முன்கூட்டியே பயிற்சி தந்து, சாதாரண நாட்களிலேயே சில சரக்கு ரயில்களை அவ்வழியே ஓட்டிப் பழக்க வேண்டும்.