டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) மரம் திருப்பி அடிக்காமல் இருக்க

பிளேடின் முன்பக்கப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழும்பி வருகின்றன. அறுபட்ட மரம் கொஞ்சம் திரும்பி அந்தப் பின்பற்களில் உரசினால் போதும், அப்படியே தூக்கி உங்கள் பக்கம் வீசிவிடும். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர், கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது.

அதனால் முதலில் ரிவிங் நைஃப். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தகடு, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாமல் பார்த்துக்கொள்ளும். தொந்தரவாக இருக்கிறது என்று கழற்றி வைக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுவதற்காகப் பிளேடுக்குப் பக்கவாட்டில் இருக்கும் நீளமான தடுப்பு. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடில் ஒரு பல்லுக்கு மார்க்கரால் புள்ளி வையுங்கள், அந்தப் பல்லிலிருந்து ஃபென்ஸ் வரை முன்னால் ஒருமுறை, பிளேடைக் கையால் சுற்றிப் பின்னால் ஒருமுறை அளந்து பாருங்கள். பின்னால் குறைந்தால் மரம் அங்கே நெருக்கப்படுகிறது என்று அர்த்தம், சரிசெய்யாமல் அறுக்கவே கூடாது.

குறுக்கே அறுக்கும்போது மைட்டர் கேஜையும் (மரத்தைக் குறுக்கே பிடித்துத் தள்ள, மேசைப் பள்ளத்தில் நகரும் கருவி) ஃபென்ஸையும் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள், வெட்டுத்துண்டு நடுவில் மாட்டிக்கொள்ளும். வளைந்த, முறுக்கிய பலகையை இழைத்து நேராக்காமல் ஏற்ற வேண்டாம். வெறும் கையால், ஃபென்ஸிலோ மைட்டர் கேஜிலோ சாய்க்காமல் அறுப்பது அறவே கூடாது.

பிளேடுக்கு நேராக நிற்காமல் சற்றே ஒதுங்கி நில்லுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் துண்டை, புஷ் ஸ்டிக்கால் (கைக்குப் பதிலாகத் தள்ளும் குச்சி) பிளேடைத் தாண்டும்வரை தள்ளுங்கள், பாதியில் விடாதீர்கள்.